கேலக்டோசீமியா உள்ள பச்சிளம் குழந்தையின் எதிர்காலம் எப்படி இருக்கும்?

பிறந்த பெண் குழந்தைக்குக் கேலக்டோசீமியா என்று சொல்லிவிட்டார்கள், பிழைப்பாளா, மற்றப் பிள்ளைகளைப் போல வளருவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலை உடனே நிறுத்தி, கல்லீரலும் கிருமித் தொற்றும் கட்டுக்குள் வந்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தக்கலைப் பக்கம் இருக்கிறோம், என் மகனுக்கும் இதே நோய்தான்.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை குடலில் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிகிறது. கேலக்டோஸைக் கையாளும் 'கால்ட்' நொதி இந்தக் குழந்தைகளிடம் அநேகமாக இல்லை. பால் குடிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே வாந்தி, மஞ்சள், 'ஈ கோலை' என்ற கிருமியின் தொற்று என்று வந்துவிடும். இளவெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள். இந்த மஞ்சள் அப்படிப் போகாது. என் மகனுக்குத் தாய்ப்பாலை நிறுத்திச் சோயா பால்பொடி கொடுத்த பிறகுதான் கண் வெளுத்தது. கண் லென்சில் இருந்த மூட்டமும் மெல்லத் தெளிந்தது.

அப்புறம் வருவதையும் சொல்லிவிடுகிறேன். பத்தியம் சரியாக இருந்தாலும் பேச்சு தாமதமாகலாம், படிப்பில், குறிப்பாகக் கணக்கில், திணறலாம், சிலருக்குக் கை நடுங்கும். பெண்களில் பெரும்பாலோருக்குச் சினைப்பை சீக்கிரமே செயலிழக்கிறது. நம் உடம்பே கொஞ்சம் கேலக்டோஸை உண்டாக்குவதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே பின்னால் ஏதாவது குறை தெரிந்தால், "நீ என்னத்தக் குடுத்த?" என்று யாரும் தாயைக் கேட்கக் கூடாது. தாய்மார் அழுவதை நான் பார்த்திருக்கிறேன், அது அநியாயம். என் மகன் தாமதமாகத்தான் பேசினான், பேச்சுப் பயிற்சிக்குப் பிறகு இப்போது வாய் ஓய்வதில்லை. ஒரு வயதிலிருந்தே பேச்சைக் கவனியுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு நம் ஊரில் அவ்வளவு கஷ்டமில்லை. ஆறு மாதம் ஆனதும் ஏத்தங்காய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, பளபளவென்று திரளும்வரை கிண்டினேன், பால் சேர்க்கவே இல்லை. கல்யாண வீட்டில் பால் பாயாசம் கூடாது, தேங்காய்ப்பாலில் வைத்த பிரதமன் குடிக்கலாம், ஆனால் பசும்பால் சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் முள்ளோடு நெத்திலியும் உண்டு, மருந்தும் தேவைப்படலாம். பல மாத்திரைகளில் லாக்டோஸ் சேர்க்கிறார்கள், மருந்துக்கடையில் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

டுவார்ட்டே என்ற லேசான வகையும் உண்டு, அதற்கு இவ்வளவு பயமில்லை. எந்த வகை என்று நொதிப் பரிசோதனையில் தெரியும். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த முடிவு தப்பாகலாம், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த குழந்தைக்கும் 25 சதவீத வாய்ப்பு இருப்பதால், மரபணு அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கர்ப்பமாவதற்கு முன்பே மரபணு மருத்துவரைப் பாருங்கள்.