பதில்: தம்பிக்காக போலிஸைக் கூப்பிடலாமா?
தம்பி மூன்று நாளாகத் தூங்காமல் கத்துகிறான், போலிஸைக் கூப்பிட்டால் ஜெயில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா விஷயத்தில் எனக்கும் இதே பயம் இருந்தது.

இப்போதே சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் (IMH) 6389 2222 எண்ணுக்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவன் சம்மதித்தால் புவாங்கோக்கில் இருக்கும் அவர்களுடைய அவசரப் பிரிவுக்கே நேராகக் கூட்டிப்போகலாம்.

கத்தியை எடுத்தாலோ ஜன்னல் பக்கம் போனாலோ யோசிக்காமல் போலிஸின் 999 எண்ணுக்கு அழையுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறான், கையில் என்ன இருக்கிறது, எதைக் கண்டால் மிரள்கிறான், எல்லாம் போனிலேயே சொல்லிவிடுங்கள். மனநலச் சட்டத்தின் கீழ் போலிஸ் பிடித்தால் மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். 2020 முதல் தற்கொலை முயற்சியும் குற்றமில்லை. அப்புறம், கைவிலங்கு மாட்டக்கூடும். அம்மாவிடம் அதை முன்பே சொல்லி வையுங்கள்.