பகுதி நேர வேலை: கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: குழந்தைகளுக்காக வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வாரம் மூன்று நாள் வேலை, மாதம் 24,000 ரூபாய் என்கிறார்கள். சம்பளப் பட்டியலில் சேரலாம், இல்லையென்றால் கன்சல்டன்ட் ஃபீஸாக வாங்கலாம், ஃபீஸ் என்றால் 10 சதவீதம் பிடிப்பார்களாம். எது நல்லது? என் சம்பளத்தால் கணவருக்கு வரி கூடுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: கூடாது. நம் நாட்டில் கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிக் கணக்குதான். கணவரின் சொந்த நிறுவனத்தில், தகுதிக்குப் பொருந்தாத சம்பளம் வாங்கினால் மட்டுமே அது அவர் வருமானத்தோடு சேரும்.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அந்த 24,000 மொத்தச் சம்பளமா, சி.டி.சி.யா (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவா)? சி.டி.சி. என்றால் நிர்வாகம் கட்டும் பி.எஃப். பங்கும் அதற்குள்ளேயே இருக்கும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால் நிர்வாகத்தின் 12 சதவீதம் 1,800, உங்கள் பங்கு 1,800. கைக்கு வருவது 20,400. தொழில் வரியும் உண்டு, அது ஆண்டுக்கு 2,500ஐத் தாண்டாது. வருமான வரிப் பிடித்தமே இருக்காது, ஏனென்றால் புதிய முறையில் (2025-26) 4 லட்சம் வரை வரி இல்லை.

ஃபீஸ் என்றால் கதை வேறு. சம்பளத்தில் ஆண்டு வரியைக் கணக்குப் போட்டுத்தான் பிடிப்பார்கள். ஃபீஸில், ஆண்டுக்கு 50,000ஐத் தாண்டினால், உங்களுக்கு வரியே இல்லாவிட்டாலும் 10 சதவீதம் போய்விடும். மாதம் 2,400 போக 21,600 வரும். வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கி வட்டிக்குக் கொடுக்கும் 15ஜி படிவம் இதற்குச் செல்லாது. ஆண்டுக்குப் பிடிபடும் 28,800ஐ, வேறு பெரிய வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து முழுதாகத் திரும்பப் பெறலாம். பிடித்தம் 25,000ஐத் தொட்டாலே தாக்கல் கட்டாயம். ஆனால் இது தொழில் வருமானம், சம்பளக்காரர்களுக்கான எளிய ரிட்டர்ன் படிவமான ஐ.டி.ஆர்.-1 போதாது.

என் யோசனை, சம்பளப் பட்டியலில் சேருங்கள். கையில் வருவது கொஞ்சம் குறைவுதான், ஆனால் மாதம் 3,600 உங்கள் பெயரில் சேர்கிறது. அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகும். பழைய வேலையில் சேர்ந்த பென்ஷன் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால், அந்த வருடங்களும் பென்ஷனுக்குத் தேவையான 10 வருடச் சேவையில் சேரும். அதனால் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். அவசரத்தில் புதிய எண் வாங்கிவிட்டால் பிறகு இரண்டையும் இணைக்க அலைய வேண்டியிருக்கும்.

இதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயரில். பான் அட்டையில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பி.எஃப்.பில் மூன்றாவதாக ஒன்று. பெயர் பொருந்தாமல் ஆதார் இணைப்பு நின்று பான் செயலிழந்திருந்தால் 10 சதவீதம் 20 ஆகும், ரீஃபண்டும் வராது. சேருவதற்கு முன்பே இதைச் சரி செய்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு இடங்களில் பகுதி நேர வேலை, தலா மாதம் 60,000 சம்பளம். எங்குமே வரி பிடிப்பதில்லை. பரவாயில்லையா?
- வாசகி, சென்னை

பதில்: பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தான் தரும் 7,20,000ஐ மட்டும் பார்த்து வரியில்லை என்கிறது. இரண்டும் சேர்ந்தால் 14,40,000. நிலையான கழிவு 75,000 ஒரு முறைதான். மிச்சம் 13,65,000, புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி முழுதும் தள்ளுபடி, உங்களுடையது அதற்கு மேல் என்பதால் அது கிடையாது. செஸ் சேர்த்து வரி 88,140 ரூபாய். ஓர் இடத்துச் சம்பள விவரத்தை மற்ற நிறுவனத்தில் எழுத்தில் கொடுத்து, அங்கேயே மாதாமாதம் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முன்கூட்டிய வரியாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளுக்குள் தவணையாக நீங்களே கட்ட வேண்டும். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி.