"என்ன வேணும்னாலும் கேளு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு ஆப்

கேள்வி: அக்கா, நான் குடியாத்தம், பைனல் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். அம்மாவுக்கு மார்புல கேன்சர், 3 வாரத்துக்கு ஒருக்கா வேலூர் கூட்டிக்கினு போய் கீமோ போட்டுக்கினு வர்றோம், அப்பாதான் கூடவே இருக்காரு. சொந்தக்காரங்க எல்லாரும் "என்ன வேணும்னாலும் கேளுப்பா"ன்னு சொல்றாங்க, ஆனா யார்கிட்ட என்னத்த கேக்கறதுன்னே தெரியல. இதையே ப்ராஜெக்டா எடுத்து சொந்தக்காரங்களுக்காக ஒரு ஆப் பண்ணலாம்னு இருக்கேன். அதுல என்னென்ன வைக்கணும்?

பதில்: தம்பி, அம்மா நல்லபடியா தேறி வரணும். நீ சொன்னதுலயே விஷயம் இருக்கு பாரு, "கேளு"ன்னு சொல்லிட்டு போயிடறாங்க, ஆனா கேக்கறதும் ஒரு வேலைதானே, அது அப்பா தலையில விழுது.

எங்க பெரியக்காவுக்கு கீமோ போட்டப்ப வேலூர் தோட்டப்பாளையத்துல ரூம் எடுத்து நான்தான் கூட இருந்தேன். ஒருநாள் அடுப்புல கஞ்சி வச்சிருந்தேன், போன் வந்துச்சு, சித்தப்பா, அப்புறம் ஆரணி அத்தை, அப்புறம் இன்னொருத்தர், டாக்டர் சொன்னத ஒவ்வொருத்தருக்கா திருப்பித் திருப்பி சொல்லி முடிக்கறதுக்குள்ள கஞ்சி அடிபிடிச்சு அந்த தீஞ்ச வாடைக்கே அக்கா வாந்தி எடுத்துட்டாங்க. எல்லாரும் பாசத்துலதான் பண்ணாங்க, ஆனா மறுநாள் காலைல ரிப்போர்ட் வாங்கிட்டு வர ஒரு ஆள் இல்ல.

அதனால ஆப்ப திறந்ததும் வேலைதான் தெரியணும். "வியாழன் காலைல 5 மணிக்கு வேலூருக்கு கார் வேணும்", "சாயங்காலம் தங்கச்சிய ட்யூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணும்" இப்படி. ஒருத்தர் "நான் பாத்துக்கறேன்"னு தொட்டதும் மத்தவங்களுக்கு அது மூடிடணும், இல்லன்னா 3 வீட்ல இருந்தும் இட்லியே வரும். நிலவரம் சொல்லவும் ஒரே இடம் வை. அமெரிக்கால கேரிங்பிரிட்ஜ்னு 1997லயே இதுக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, வீட்டுக்காரங்க ஒருதடவ எழுதிட்டா எல்லாரும் படிச்சுக்கலாம். ஆனா நம்ம பெரியம்மாக்கள் படிக்க மாட்டாங்க, அதனால அப்பா ராத்திரி ஒரு நிமிஷம் பேசி விடற மாதிரி வாய்ஸா வச்சிடு.

காலண்டர் ரொம்ப முக்கியம். கீமோ போட்டு பெரும்பாலும் 7ல இருந்து 14 நாளுக்குள்ள ரத்தத்துல நோய எதிர்க்கற வெள்ளை அணுக்கள் ரொம்ப கொறஞ்சு போகும், சளி இருமலோட யாராவது வந்தா ஆபத்து. நம்ம பக்கம் வீடு தேடி வர்றவங்கள வராதீங்கன்னு அப்பா வாயால சொல்லவே முடியாது, அத ஆப் சொல்லட்டும், "இந்த வாரம் பாக்க வர வேணாம், டப்பாவ திண்ணைல வச்சிட்டு போங்க"ன்னு. அந்த நாள்கள்ல காய்ச்சல் 100.4 டிகிரிய தொட்டா நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி கிளம்பிடணும், மாத்திரைய போட்டுட்டு காலைல பாக்கலாம்னு இருக்கவே கூடாது. அதுக்கு பெரிய சிவப்பு பட்டன் ஒண்ணு வை, ஆஸ்பத்திரி நம்பருக்கும் பக்கத்துல கார் வச்சிருக்கறவருக்கும் சேர்ந்து போகணும். "இந்த இலைய அரைச்சு குடிங்க"ன்னு வைத்தியம் போட மட்டும் இடமே குடுக்காத.

இன்னொண்ணு கேக்கறேன், அம்மாகிட்ட கேட்டியா? உன் கேள்வில எல்லாரும் இருக்காங்க, அம்மா என்ன சொன்னாங்கங்கறது மட்டும் காணோம். மார்புல கேன்சர்னா எந்த மாமாவுக்கு எது தெரியணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும், ரிப்போர்ட் எதையும் அதுல ஏத்தாத. "யாராவது வந்து நோயப் பத்தி பேசாம பக்கத்துல உக்காந்து பூ கட்டுனா போதும்"னு அக்கா ஒருநாள் சொன்னாங்க, அந்த மாதிரி ஆசைய போடவும் அம்மாவுக்குன்னு ஒரு பக்கம் வை.

கோடிங்க இப்பவே ஆரம்பிக்காத. அடுத்த கீமோல இருந்து 3 வாரம் ஒரு சார்ட் பேப்பர்ல வேலைகள எழுதி பிரிட்ஜ்ல ஒட்டு, போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்ல போடு, எந்த வேலைய யார் எடுத்தாங்க, எது எடுக்க ஆளில்லாம நின்னுச்சுன்னு குறிச்சு வை. ஆளில்லாம நின்ன வேலைகள்ல இருந்துதான் உன் ஆப்ப ஆரம்பிக்கணும்.