திபெத் பீடபூமியில் பனி உருகிப்போன பின், பண்டைய உறைநிலத்தின் (ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடந்த நிலத்தின்) காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

திருகோணமலை மாணவி ஒருவர் கேட்ட இக்கேள்விக்கு விடை, பனி விட்டுச்சென்ற வடுவில் இருக்கிறது. கடுங்குளிரில் சுருங்கி வெடித்த நிலத்தில் ஆண்டுதோறும் உருகுநீர் புகுந்து உறைய, பனி ஆப்பு வடிவில் பருக்கிறது. அது கரைந்ததும் மணலும் வண்டலும் அவ்விடத்தை நிரப்புகின்றன. அம்மணலின் குவார்ட்ஸ் மணிகள், வெயில் மறைந்து புதைந்த நாள்முதல் சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்க ஆற்றலைச் சேமிப்பதால், ஆய்வுகூடத்தில் ஒளி பாய்ச்சி, அவை உமிழும் மங்கிய ஒளியை அளந்து வயதைக் கணிக்கிறார்கள். வெயில் பட்டால் அச்சேமிப்பு அழிந்துவிடுவதால், நிலாவெளியில் வெயில் காயும் மணலில் இக்கணக்கு ஏறத்தாழச் சுழியம்.

இங்கே மிகுந்த கவனம் தேவை: பனி இருந்த இடத்தை நிரப்பிய மணல் காட்டுவது குளிரின் உச்சத்தையன்று, உருகிய காலத்தையே. பனியின்றி, வெடிப்பை மணலே உடனுக்குடன் நிரப்பிய ஆப்புகள்தாம் குளிர் நிலவிய காலத்தை நேரடியாகச் சொல்லும். பனி ஆப்பு வளர, ஆண்டுச் சராசரி வெப்பநிலை பெரும்பாலும் -6 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பதால், வயதோடு பழைய வெப்பநிலையையும் மதிப்பிடலாம்.