எதிரணி ரசிகர்களும் மதிக்கும் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் யார்?

மட்டக்களப்பில், வெபர் மைதானத்தடியில் இக்கேள்வியைக் கேட்டால் முதலில் வரும் பெயர் முத்தையா முரளிதரனாகவே இருக்கும். அதற்கு அவர் வீழ்த்திய 800 டெஸ்ட் விக்கெட்டுகள் மட்டுமே காரணமல்ல. 1995இல் மெல்பேர்னில் கையை மடக்கிப் பந்தை எறிகிறார் என்ற சந்தேகத்தில் அவரது பந்துவீச்சு ஏழு முறை முறையற்ற பந்தென நடுவரால் அறிவிக்கப்பட்டபோதும், அதன்பின் பல ஆண்டுகள் அந்தச் சந்தேகம் துரத்தியபோதும், பரிசோதனைகளுக்கு உட்பட்டு, புன்னகை மாறாமல் பந்துவீசியவர் அவர். 2010இல் காலியில், ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, தேவைப்பட்ட எட்டு விக்கெட்டுகளையும் அதே போட்டியில் எடுத்து, தமது கடைசிப் பந்தில் 800ஐத் தொட்டார். (அவரது அரசியல் கருத்துகளை ஏற்காத தமிழர் பலர் உண்டு, அவர்களிலும் அவரது சுழலை இரசிக்காதவர் அரிது.)

குமார் சங்கக்கார வேறு வகை. 12,400 டெஸ்ட் ஓட்டங்களுக்கு அப்பால், 2011இல் லோர்ட்ஸில் ஆற்றிய உரையில் நாட்டின் கிரிக்கெட் நிர்வாகத்தை, தாம் விளையாடிக்கொண்டிருக்கும்போதே விமர்சித்த துணிவு அவருக்கு மதிப்பைத் தேடித்தந்தது.

2019 உலகக் கிண்ண இறுதியில், போட்டியும், வெற்றியைத் தீர்மானிக்க வீசப்பட்ட சுப்பர் ஓவரும் சமநிலையாகி, பவுண்டரி எண்ணிக்கையால் கிண்ணத்தை இழந்தும் கசப்பின்றிப் பேசிய கேன் வில்லியம்சனை, நியூசிலாந்தை ஆதரிக்காதவர்களும் நேசிக்கின்றனர்.

கிரிக்கெட்டுக்கு வெளியே ரொஜர் பெடரர்: 2003 முதல் 2021 வரை, தொடர்ந்து 19 ஆண்டுகள், டென்னிஸ் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்த விருப்ப வீரர்.