உங்கள் பெயர் வெட்டிய தூக்கு

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். வயது 47. எங்கள் சபையில் கமிட்டித் தேர்தல் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் இரண்டு அணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. திருவிருந்துக்கு முழங்காலிடும்போதுகூடப் பக்கத்தில் யார் என்று பார்த்துத்தான் போகிறார்கள். ஆராதனையில் என் மனம் ஒட்டவில்லை. அதனால் ஞாயிறு மாலை ஒரு சுயாதீன சபைக்கும் போகிறேன். செவ்வாய் பெண்கள் ஐக்கிய சங்கம், வெள்ளி உபவாச ஜெபம், முதல் சனி முழு இரவு ஜெபம், எதையும் விடுவதில்லை. போன மாதம் சொந்த ஊரில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. அன்றும் அசன விருந்து முடிந்ததும் என் பெயர் வெட்டிய தூக்கில் சோறு வாங்கி, அதே தெருவில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மாலைக் கூட்டத்துக்காக மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். (அப்பா இறந்து நான்கு வருடம். சொத்து விஷயத்தில் அண்ணனோடு பேச்சு இல்லை. அந்த வாசலை மிதிப்பதில்லை.) இவ்வளவு ஓடியும் உள்ளத்தில் இளைப்பாறுதல் இல்லை. இந்த வருடம் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வேத வசனமே இளைப்பாறுதலைப் பற்றியதுதான். ‘குடும்பக் கட்டுகளை அறுத்தால்தான் விடுதலை’ என்கிறார் சுயாதீன சபையின் போதகர். எங்கள் சபையை விட்டு அங்கேயே சேர்ந்துவிடலாமா?
— ஒரு சகோதரி

பதில்: சகோதரி, நீங்கள் சபையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் அந்தத் தூக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

கமிட்டித் தேர்தல் வந்து போனால் இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். மனம் ஒட்டவில்லை, சபைக் குருவானவர் பிரசங்கம் உள்ளே இறங்கவில்லை, வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்பார்கள். ஜெபியுங்கள், கர்த்தர் வழி காட்டுவார் என்று நான் எழுதுவேன் என்றும் எதிர்பார்ப்பார்கள். நீங்கள்தான் வாரம் முழுவதும் ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்களே. இன்னொரு கூட்டத்துக்கு உங்களை நான் அனுப்பப்போவதில்லை.

அசனம் என்றால் என்ன என்று திருநெல்வேலிச் சீமையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் கூடி அரிசி போட்டு, ஊர் கூடிக் காய் நறுக்கி, பெரிய அண்டாக்களில் பொங்கி, இருப்பவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. வர முடியாத கிழவிகளுக்கும் நோயாளிகளுக்கும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எடுத்துப் போகிறவர் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ ஆக இருப்பார். தெருவில் நின்ற ஒரு பையனைக் கூப்பிட்டு, ‘தம்பி, இதை அந்த வீட்டில் கொடுத்துவிடு’ என்று நீங்கள் கொடுத்தனுப்பினீர்கள். அதை எனக்கு எழுதும்போது ஒரு வரியில் எழுதிவிட்டு, பஸ் மூன்றரை மணிக்கு என்பதைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பையன் கதவைத் தட்டிய பிறகு என்ன நடந்திருக்கும் என்று யோசித்தீர்களா? உங்கள் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தூக்கை வாங்கித் திண்ணையில் வைத்திருப்பார். ‘யார் கொடுத்தா?’ என்று கேட்டிருப்பார். பையனுக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்காது. பிறகு அவரே தூக்கின் பக்கவாட்டில் விரலை வைத்துத் தடவியிருப்பார். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துக்குக் கண் தெளிவாக இருக்க வேண்டாம், விரலே வாசித்துவிடும். கல்யாணச் சீராக வந்த தூக்கு என்றால், கடையில் நின்று இந்தப் பெயரை வெட்டச் சொன்னவரே அவராகத்தான் இருப்பார். மகள் கோயில் வரைக்கும் வந்திருக்கிறாள், வீடு வரைக்கும் வரவில்லை என்பதை உங்கள் அம்மா அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பார்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

சபையில் இரண்டு அணியும் ஒன்றரை வருடமாக முகம் பார்ப்பதில்லை என்று மனம் கசந்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? அம்மாவைக் குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, ராத்திரி எழுந்து விளக்குப் போடுகிறவர் பெரும்பாலும் உங்கள் மதினியாகத்தான் இருப்பார். அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. திருவிருந்து மேசையில் பக்கத்தில் யார் என்று பார்க்கிறவர்களுக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவர்கள் ஆண்டவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். ஆனால் ஒன்றரை வருடச் சண்டையைக் கண்டு சபையைவிட்டு ஓட நினைக்கிற நீங்கள், நான்கு வருடச் சண்டையைக் கையில் பிடித்துக்கொண்டே எந்த வாசலில் நுழைந்தாலும் அது உங்களோடு சேர்ந்துதான் நுழையும். அதற்கு சுயாதீன சபை, திருமண்டலத்துச் சபை என்ற வேறுபாடெல்லாம் கிடையாது.

சொத்து விஷயம். இதில் உங்களை நான் அடக்கப்போவதில்லை. பெண்பிள்ளைக்கு என்ன பங்கு என்று பேசும் அண்ணன்மார் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஏராளம், அவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர்கள். உங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் நமக்குப் பொருந்தும். அவர் பெயரில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் சமமாக. நீங்கள் இரண்டே பேர் என்றால் உங்களுக்கு மூன்றில் ஒன்று, அண்ணனுக்கு மூன்றில் ஒன்று. அது உங்கள் உரிமை. வக்கீலைப் பாருங்கள், பத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள், பாகப்பிரிவினை எழுதச் சொல்லுங்கள். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லித் தீர்க்கிற விஷயமல்ல அது.

ஆனால் மீதி மூன்றில் ஒன்று உங்கள் அம்மாவுடையது. நீங்களும் அண்ணனும் வாய்ச்சண்டை போட்ட அன்று, ‘அம்மா, உனக்கு என்ன வேண்டும்?’ என்று இருவரில் யாராவது கேட்டீர்களா? அண்ணன் உங்கள் பங்கை வைத்திருக்கிறார் என்பதற்காக நீங்கள் அம்மாவுக்கு வர வேண்டிய மகளை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். நிலத்துக்கு நீதிமன்றம் உண்டு. இதற்கு அவர் எங்கே போய் வழக்குப் போடுவார்?

அந்தப் போதகர் சொன்ன ‘குடும்பக் கட்டு’ என்ற வார்த்தையை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பெற்றவளை விட்டு விலகுவதற்கு ஆவிக்குரிய பெயர் சூட்டுவது புதிதல்ல. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு அவர்களைக் கண்டிக்கிற கண்டிப்பை இன்று ராத்திரி வாசியுங்கள். மாலைக் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அம்மா வீட்டைத் தாண்டி நீங்கள் பஸ் ஏறியதும் கொர்பான்தான்.

உங்கள் வாக்குத்தத்த அட்டை மத்தேயு 11:28-ஆகத்தான் இருக்க வேண்டும். ‘நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்’ என்பதோடு அட்டை முடிந்துவிடும், அட்டையில் இடம் அவ்வளவுதான். வேதத்தில் அடுத்த வசனமே நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது, அங்கேதான் ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் என்கிறது. நீங்கள் வாரத்தில் இத்தனை நாள் சுமப்பது உங்கள் நுகம் அல்ல. உங்களுக்கென்று வைத்தது ஊரில், கோயில் தெருவில், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வீடு கோயில் தெருவில் இருப்பதும் சும்மா அமைந்ததல்ல. கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்நின்று 1799-ல் உண்டானது முதலூர். அதற்குப் பிறகு இந்தச் சீமையில் எழும்பிய எத்தனையோ கிறிஸ்தவ ஊர்களில் கோயிலைச் சுற்றியே வீடுகளைக் கட்டினார்கள். ஆலயமணி அடுப்படி வரை கேட்கும். கோயிலுக்கு வந்தவர் வீட்டுக்கு வராமல் போக முடியாத அமைப்பு அது. அடுத்தவனை நம்பி ராத்திரி கண்ணை மூடலாம் என்பதுதான் அந்த ஜனங்கள் முதலில் கண்ட இளைப்பாறுதல். நீங்கள் அந்த வம்சம்.

சபையை விடலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். இடையன்குடி ஆலயத்துக்குக் கால்டுவெல் 1847-ல் வேலை தொடங்கினார். பிரதிஷ்டை நடந்தது 1880-ல். முப்பத்து மூன்று வருடம். முதல் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் கூரை ஏறியதைப் பார்த்திருக்கப் போகிறார்கள்? அடுப்பில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போட்ட பெண்கள் தாங்கிய சபைகள் இவை. கமிட்டியின் ஆயுள் மூன்று வருடம். அதற்காகப் பாட்டி அரிசி போட்ட இடத்தை விட்டுவிட்டு வருவேன் என்கிறீர்களே. காலை ஆராதனைக்குப் போங்கள், சண்டை போட்ட இரண்டு பேருக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், சங்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையையும் முதல் சனியையும் என்னிடம் கொடுங்கள்.

வரும் முதல் சனிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்குப் போகாமல் ஊருக்குப் பஸ் ஏறுங்கள். மதினிக்கு ஒரு சேலை வாங்கிக்கொள்ளுங்கள், முதலில் அவர் கையில் கொடுங்கள். அண்ணன் முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும், ‘அம்மாவைப் பார்க்க வந்தேன் அண்ணே’ என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். பங்கைப் பற்றி அன்று வாயைத் திறக்க வேண்டாம். ராத்திரி அம்மா பக்கத்தில் பாய் போட்டுப் படுங்கள். முழு இரவு விழித்துப் பழகியவர்தானே, அவர் எத்தனை தடவை இருமுகிறார் என்று கேளுங்கள். காலையில் முதல் மணி அடித்ததும் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார வைத்து நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

புறப்படும்போது உங்கள் தூக்கைக் கேட்டு வாங்குங்கள். சோறு வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் கிடையாது. அம்மா அதில் கருப்பட்டியோ முருங்கைக்கீரையோ எதையாவது வைத்துக் கொடுப்பார். அங்கேயே எல்லாம் கிடைக்கிறது அம்மா, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.