முன்வாய் ரைபிளுக்கு என்ன துணி, எப்படி வெட்டுவது?

குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் போடும் ரைபிளில் ஈயக்குண்டைச் சுற்றிவரும் துணிக்கு எதை வாங்குவது, எப்படி வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது பென்சில்வேனியாவில். இங்கே 1974 முதல் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. அதனால் இந்தத் துணிப் பேச்சு எங்களுக்குள் வருஷம் முழுக்க ஓடும்.

துணி நூறு சதம் பருத்தியாக, நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் சூட்டில் உருகிவிடும். கடைக்காரர் சொன்னாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பனியன் துணி வேண்டாம், இழுத்தால் நீளும். இங்கே பலரும் எடுப்பது டிக்கிங். நம் ஊரில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிற கோடு போட்ட துணியேதான். வாங்கியதும் வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்குங்கள், இல்லையென்றால் குண்டு வழுக்கி இறங்கத் துணியில் தடவும் கொழுப்பு சரியாக ஊறாது. அலசினால் துணி சுருங்கித் தடிமனும் மாறும் என்பதால் அளப்பது அதற்கப்புறம்தான்.

தடிமன்தான் விஷயமே. 50 காலிபர் குழலின் உள்விட்டம் 0.500 அங்குலம். குண்டைச் சுழற்றக் குழலின் உட்சுவரில் முறுக்காக வெட்டியிருப்பதுதான் புரி, அதன் பள்ளங்கள்தான் காடிகள். காடிகள் பக்கத்துக்கு 0.010 ஆழம் என்றால், ஒரு காடியின் அடியிலிருந்து எதிர்க்காடியின் அடிவரை 0.520. குண்டு 0.490, துணி 0.015 என்று எடுத்தால் இரண்டு பக்கத் துணியும் சேர்த்து அதே 0.520 வருகிறது. காடி அடைபடுகிறது, வாயு குண்டை முந்திக்கொண்டு ஓட வழியில்லை. புரியின் சுழற்சியும் துணி வழியாகத்தான் குண்டுக்குப் போகிறது. காடி இன்னும் ஆழமான குழல் என்றால் 0.018 துணிக்குப் போங்கள்.

வெட்டுவதில் வட்டமா சதுரமா என்பது பெரிய விஷயமில்லை, குண்டு நடுவில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். 50 காலிபருக்கு ஒன்றேகால் அங்குல அகலம் போதும். எனக்குப் பிடித்தது குழல்வாயிலேயே வெட்டும் பழைய முறை. கொழுப்பு தடவிய துணிப்பட்டையைக் குழல்வாயில் விரித்து, குண்டை வைத்து, விளிம்போடு சமமாகும்வரை கத்திப் பிடியால் அழுத்துங்கள். மிச்சத் துணியைக் கொத்தாகப் பிடித்து இறுக்கி, நல்ல கூரான கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்துவிடுங்கள். துணி தானாகவே நடுவில் அமைந்திருக்கும். ஆனால் உள்ளே மருந்து இருக்கிறது: முகத்தைக் குழலுக்கு நேரே கொண்டுபோகவே கூடாது. கத்தி குழலின் விளிம்பைக் கீறவும் கூடாது.

சரி, தேர்ந்தெடுத்தது பொருந்துகிறதா என்று யாரைக் கேட்பது? சுட்ட துணியைத்தான். வரிசையில் எல்லோரும் சுடுவதை நிறுத்தியதும் முன்னால் நடந்துபோய்ப் புல்லில் கிடப்பதைப் பொறுக்கி விரித்துப் பாருங்கள். நடுவில் கரி படிந்த வட்டம், சுற்றிலும் புரி பதிந்த கோடுகள், ஓரம் மட்டும் கொஞ்சம் பிசிறு என்றால் எல்லாம் சரி. கரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லிசு அல்லது கொழுப்பு போதவில்லை. கத்தரித்தது போல நேர்க்கீறல்கள் ஒரே வளையத்தில் வந்தால் துணியைக் குறை சொல்லாதீர்கள். புதுக் குழலில் புரியின் முனையோ வாயின் விளிம்போ கூராக இருக்கும். தடித்த துணி போட்டாலும் அதையும் கிழிக்கும். அந்த விளிம்பை மழுக்கித் தரச் சொல்லித் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.